ஜன்னலைத் தள்ளிய கை

வேலையை விட்ட அன்று எனக்கு இருந்த தைரியத்தை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, யார் யாரோ விற்கிற மெத்தைக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கும் ஆங்கிலத்தில் துதி பாடிக்கொண்டிருந்தேன். போதும் என்று ஒருநாள் எழுந்து வந்துவிட்டேன். இனிமேல் தமிழில் எழுதுவேன், சென்னைப் பத்திரிகைகளுக்கு எழுதுவேன், எனக்குப் பிடித்ததை மட்டும் எழுதுவேன் என்று கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவிடம் போனில் அறிவித்தேன். அம்மா திட்டவில்லை. "ஒன்ன அங்க யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையைக் கேட்டால் கோபம் வருவது என் சுபாவம். கோபத்தில் ஒரு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தேன். ஓணத்துக்குள் என் பேரோடு ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தாக வேண்டும். வராவிட்டால் வாய் பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், அல்லது மறுபடி மெத்தைக்கு எழுத வைப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கிழக்கேகோட்டையில், கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரத் தெருக்களில் ஒன்றில் வீடு கிடைத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய, ரயில்பெட்டி மாதிரி நீண்டு போகிற வீடு. தெருவைப் பார்த்த முன்னறை, அப்புறம் கூடம், அப்புறம் பகலிலும் விளக்கு போட வேண்டிய ஒரு உள்ளறை. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கேட்டதும் சாவி கொடுக்கச் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இடதுபக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு மாமி இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளியூர். மாமியும் மாமாவும் மட்டும். எதிர்வீட்டில் ஒரு மலையாளச் சேச்சி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நான் தெருவுக்கு வந்த புதிதில் மாமி நேரம் காலம் பார்க்காமல் மணியடித்தார். கறிவேப்பிலை இருக்கா, குழாயில் தண்ணி வருதா, கரண்ட் உனக்கும் போயிடுத்தா. நான் முன்னறை ஜன்னலோரம் மேஜை போட்டு, முதல் வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அந்த மணி அடிக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு, 'காலையில் எழுதும் நேரம், தயவுசெய்து மணி அடிக்க வேண்டாம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கதவில் ஒட்டினேன். மாமி அதைப் படிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய்த் திரும்பிப் போனார். ரோஷக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக்கு எழுதுவது என்றால் எழுதுவது என்று நினைத்திருந்தேன். எழுதப்போவதைப் பற்றி எழுதுவதுதான் முக்கால்வாசி வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்ன விஷயம், இத்தனை பக்கம், இதை நான் ஏன் எழுத வேண்டும் என்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடிக்காட்டுவது போல ஒவ்வொரு ஆசிரியருக்கும் மெயில் எழுத வேண்டும். தம்பானூர் லாட்ஜுகளில் தலையணை உறை மாற்றும் தென்காசிக்காரர்களைப் பற்றி எழுதினேன். வித்துரா சந்தைக்கு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பற்றி எழுதினேன். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்து, இரண்டு பக்கத்துக்காரர்களாலும் கேலி செய்யப்படும் என்னைப் போன்றவர்களைப் பற்றி எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது. என் தமிழில் தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கிறதாம், யானையைப் பற்றி ஏதாவது இருந்தால் அனுப்பலாமாம்.

மற்றவர்கள் அதுகூட எழுதவில்லை. மறுப்பு வந்தால் சண்டை போடலாம், மௌனத்தோடு என்ன செய்வது? மெயில் போகிறதா என்றே சந்தேகம் வந்து, என் இன்னொரு முகவரிக்கு நானே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வந்துசேர்ந்தது. நல்ல யோசனை, எழுதுங்கள் என்று அதற்கு நானே பதிலும் போட்டேன். அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அன்று முழுக்க நான் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின நாளும் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை பிடித்த சமயத்தில்தான் அது ஆரம்பித்தது. காலையில் மேஜைக்கு முன்னால் இருப்பேன். ஜன்னலின் மேல்கதவு திறந்திருக்கும், சாரல் அடிக்காமலிருக்கக் கீழ்க்கதவைச் சாத்தியிருப்பேன். வெளிக் கம்பிக்கதவின் கொண்டி மெல்ல விலகும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. எழுந்து போய்ப் பார்த்தால் கொண்டி விலகியிருக்கும், ஆள் இருக்காது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். காற்றுக்குக் கொண்டியைத் தூக்கத் தெரியுமா என்பதை யோசிக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

நன்றாக மழை பெய்த ஒருநாள் மேல்கதவையும் சாத்தியிருந்தேன். தலைவலி என்று மேஜைக்கு வராமல் அறையின் மூலையில் பாயில் சுருண்டு கிடந்தேன். ஜன்னலின் கீழ்க்கதவு தானாக ஒரு சாண் உள்ளே திறந்தது. அதன் தாழ்ப்பாள் தேய்ந்து போனது, தள்ளினால் விட்டுவிடும். கம்பிகளுக்கிடையே நனைந்த விரல்கள் தெரிந்தன. கதவின் விளிம்பைப் பிடித்தபடி அந்த விரல்கள் அசையாமல் நின்றன. என் கால் பாயில் உரசியது. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், விரல்கள் போய்விட்டன. எழுந்து ஓடிக் கதவைத் திறந்தேன். தெருவில் மழையைத் தவிர யாரும் இல்லை. எதிர்வீட்டில் மெஷின் ஓடத் தொடங்கியது.

அடுத்த தடவை வந்தது வேறு கை. முதலில் பார்த்ததில் மோதிரம் இருந்தது. இது வெறும் கை, தோல் சுருங்கின கை. என்னைப் பார்க்க வருவது ஒருவர் அல்ல என்று தெரிந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. ஒரு திருடன் என்றால் போலீஸுக்குப் போகலாம். ஒரு பைத்தியம் என்றால் தெருவில் சொல்லலாம். கை மாற்றிக் கை மாற்றி, நான் அசைகிறேனா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது?

மாமியிடம் கேட்டேன். காத்தாயிருக்கும் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அந்த முன் ஜன்னலைச் சாத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான், வேறு பயப்பட ஒன்றுமில்லை என்றார். எதற்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு ஆசிரியருக்கு ஐந்தாவதோ ஆறாவதோ மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் பணிவான கடைசி வரியை எழுதும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பணிவை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'தினமும் காலையில் யாரோ என் ஜன்னலைத் தள்ளி நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரென்று தெரியவில்லை. நீங்கள் அந்த அளவுக்குக்கூட என்னைப் பார்ப்பதில்லை.' அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி போடப் போனேன். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்திருந்தது. அதை எழுதுங்கள், யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதுங்கள், அடுத்த மாத இதழில் இடம் வைக்கிறேன் என்றிருந்தது.

நான் கூடத்தில் குதித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றுமுதல் அந்தக் கைகளுக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் வராவிட்டால் முகம் தொங்கிப்போகும். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ராத்திரி படுத்தால் அந்த விரல்கள் கதவு விளிம்பில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் அந்தப் பயத்தை விற்றுத்தான் நான் கோயம்புத்தூர் போகாமல் தப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் அதை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை.

எத்தனை நாள் ஒளிந்து பார்த்தும் ஆள் பிடிபடவில்லை. நான் அசைந்தால் போதும், போய்விடுகிறார்கள். அப்படியானால் அசையாமல் இருந்தால் என்ன செய்வார்கள்? இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மறுநாள் காலை மேல்கதவு, கீழ்க்கதவு இரண்டையும் சாத்தினேன். கீழே தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு கயிறு கட்டினேன். விளக்கு போடவில்லை, குழாய் திறக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, உள்ளறை இருட்டில், வாசல்பக்கம் தெரியும்படி உட்கார்ந்துகொண்டேன்.

கொண்டி விலகியது. ஜன்னலை ஒரு கை தள்ளியது, கயிறு பிடித்துக்கொண்டது. மறுபடி தள்ளியது. கதவை விரலால் தட்டும் சத்தம், பிறகு முட்டியால் தட்டும் சத்தம். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். காலடிகள் போய், கூட்டமாகத் திரும்பி வந்தன. கிசுகிசுவென்று பேச்சு, ஒரு வார்த்தையும் புரியவில்லை. இடதுபக்கச் சுவரில் யாரோ அடித்தார்கள். சுவருக்குள்ளிருந்தே அடிப்பது போல இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கட்டுரையின் நடுப்பகுதி என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது, அதை எப்படிக் கலைப்பது? வெளியே ஒரு பெண் அழத் தொடங்கினாள். செத்தவர்களுக்கு அழுகிற அழுகை அது. இருட்டில் உட்கார்ந்து, எனக்காக யாரோ அழுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது கடப்பாரையால் கதவை நெம்பினார்கள். முனைவீட்டு ஆட்டோக்காரர் முதலில் விழுந்தடித்து உள்ளே வந்தார். பின்னால் சேச்சி, அவருக்குப் பின்னால் தெருவில் நான் தினம் பார்க்கும் பெண்கள். எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மாமிதான் நேராக உள்ளறைக்கு வந்தார். மடியில் பேனாவும் காகிதமுமாக நான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பளாரென்று என் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையோடு என் காலடியிலேயே உட்கார்ந்து, என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

விஷயம் சேச்சியின் வீட்டில் வைத்துத்தான் வெளியே வந்தது. எனக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருந்தாராம். மலையாளப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். அவரும் முன்னறை ஜன்னலோரம்தான் உட்காருவாராம். காலையில் வேலை செய்யும்போது தட்டாதீர்கள், கவனம் கலைகிறது என்று எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிட்டாராம். மரியாதையாகச் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருநாள் ஜன்னல் திறக்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். மறுநாளும் அப்படியே நினைத்தார்கள். அதற்கப்புறம் வாசனைதான் அவர்களைக் கூப்பிட்டது.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் தனியாக இருப்பவர்கள் வீட்டில் காலையில் ஒரு அசைவாவது தெரிந்தாக வேண்டும். முறை போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். தெரிந்தால் யாரும் குடியிருக்க மாட்டார்கள். தனியாக இருக்கிற பெண்ணைப் பயமுறுத்த வேண்டாமே என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. அந்த லட்சணத்தில் நான் வேறு கதவில் காகிதம் ஒட்டினேன். மணியடிக்க முடியாதவர்கள் ஜன்னலைத் தள்ளினார்கள். "நீ இருக்கியோன்னு வெறுதே, சும்மா பாத்துட்டுப் போவோம். அவ்வளவுதான், கொழந்தே" என்றார் மாமி. அவர் விரலில் மோதிரம் இருந்தது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். நடந்தது நடந்தபடி, கன்னத்தில் வாங்கிய அறை உட்பட. அனுப்பியதும் ஆசிரியர் போன் செய்தார். முதன்முறையாக ஒரு ஆசிரியரின் குரலைக் கேட்கிறேன், எழுந்து நின்றுகொண்டேன். பிரமாதமாக வந்திருக்கிறது என்றார், ஒரே ஒரு திருத்தம்தான் என்றார். "அழுகைச் சத்தத்தோட நிறுத்திடுங்க. யாருன்னு சொல்லாதீங்க. சொல்லிட்டா அக்கம்பக்கத்துக் கதையாப் போயிடுது. படிக்கிறவன் பயந்துபோய் ஜன்னலைச் சாத்தணும்." முடியாதென்றால் இந்த இதழில் சிரமம் என்றும் சேர்த்துச் சொன்னார். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் சொல்கிறேன் என்றேன்.

சொல்லப்போனால் அவர் கேட்டது சரி. பின்பாதியை வெட்டினால் கட்டுரை சிலிர்க்கிறது. நானே வெட்டிப் படித்துப் பார்த்தேன், எனக்கே முதுகு கூசியது. அவர்கள் யாரும் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர்கள் இல்லை, மாமிக்குக்கூட இப்போது கண் பொடி எழுத்தில் நிற்பதில்லை. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தும் அனுப்பக் கை வரவில்லை. வெட்டிய பிரதியை எடுத்துக்கொண்டு மாமியின் கூடத்துக்குப் போனேன். சேச்சியும் வந்தார். தமிழில் படித்து, சேச்சிக்காக அங்கங்கே மலையாளத்தில் சொல்லிக்கொண்டு போனேன். இருட்டில் அழுகை கேட்பதோடு நிறுத்தினேன்.

"அப்பறம்?" என்றார் மாமி.

அவ்வளவுதான், பத்திரிகையில் இவ்வளவுதான் வரும் என்றேன். மாமி என்னையே பார்த்தார்.

"அப்போ நாங்க பேயா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சும்மா, தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "போட்டா முழுசாப் போடு. வாசனை வரவரைக்கும் நாங்க போய்ப் பாக்கலேன்னு போடு. அதானே நடந்தது."

சேச்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தனக்குள் பேசுவது போல, "அவள் விளிச்சு. ஞான் கேட்டு" என்றார். அந்த அம்மாள் கூப்பிட்டாள், என் காதில் விழுந்தது என்கிறார். மாமிக்கே அது புதிது, திடுக்கிட்டுத் திரும்பினார். சேச்சி நிறுத்தவில்லை. ஜன்னல் திறக்காத அந்த முதல்நாள் காலையில் அந்த அம்மாள் வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். மெஷினை நிறுத்திக் காது கொடுத்தாராம். இன்னொரு முறை கேட்டதாம். போனில் யாரிடமோ பேசுகிறார், போய்த் தட்டினால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாராம். மறுபடி மெஷினை ஓட்டினாராம். இத்தனை காலமாக யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை.

ஆசிரியர் கேட்ட பயம் இதுதான் என்று எனக்குள் ஒரு புத்தி அந்த நேரத்திலும் குறித்துக்கொண்டது. அந்தப் புத்தியை எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத மாட்டேன் சேச்சி என்றேன். மாமியும், வேண்டாம் வேண்டாம், பாவம் என்றார். சேச்சி நிமிர்ந்து பார்த்தார். "எழுதணும்" என்றார். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அதைத் தமிழிலேயே சொன்னார்.

காலையில் முழுக் கட்டுரையையும், சேச்சி சொன்ன வரிகளையும் சேர்த்து அனுப்பினேன். இதில் எதையும் எடுக்கக் கூடாது, எடுப்பதானால் போட வேண்டாம் என்று எழுதினேன். இந்த முறை கோபத்தில் எழுதவில்லை. மூட்டை கட்ட அட்டைப்பெட்டிகள்கூட வாங்கி வைத்துவிட்டேன். பதில் வர நாளானது. 'அப்படியே போகிறது' என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது.

ஓணத்துக்கு முன்னால் இதழ் கைக்கு வந்தது. அம்மா கடையில் வாங்கிப் படித்துவிட்டுப் போன் செய்து அழுதாள். நான் இதழை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஓணக்கோடி என்று புதிதாகத் தைக்க வந்த துணிகள் நடுவே சேச்சி மெஷினில் இருந்தார். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. தாளை வெளிச்சத்துக்கு நகர்த்தி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அது எவிடயா?" என்று கேட்டார். தான் சொன்ன அந்த வரி எங்கே என்கிறார்.

காட்டினேன். சேச்சி தன் விரலை அந்த வரியின் மேல் வைத்தார். நான் அவரோடு கொஞ்சநேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். சேச்சி விரலை எடுக்கவில்லை.